ஐந்து கார்டும் ஒரு மேட்டுப் புற்றும்

ஒரு காட்டில், ரோடு வருவதற்கு முன்பே வங்கிக் கிளை வந்துவிட்டது. அந்தக் காட்டில் அழகர்சாமி என்ற கீரி, மனைவி பொன்னுத்தாயியோடும் ஐந்து குட்டிகளோடும் ஓடைக்கரை வளை ஒன்றில் குடியிருந்தது. போன மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வித் தூக்கிக்கொண்டு இரண்டு ராத்திரி ஒரு பாறை இடுக்கில் நடுங்கிக் கிடந்தன. கடைக்குட்டிக்கு வந்த சளி தை மாதம் வரைக்கும் விடவில்லை.

"அடுத்த மழைக்குள்ள மேட்டுல ஒரு இடம் பாருங்க. இல்லைன்னா நான் குட்டிகளைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று பொன்னுத்தாயி சொல்லிவிட்டது. கீரி பாம்புக்குப் பயப்படாது. மாமியார் வாய்க்குப் பயப்படும்.

நல்ல வேளையாக, கரையான்கள் மேட்டில் புதுப் புற்று ஒன்றைக் கட்டி முடித்திருந்தன. நான்கு அறை, இரண்டு வாசல், எந்த வெள்ளத்துக்கும் அசையாது என்று பலகை வைத்திருந்தன. பலகையின் அடியில் பொடி எழுத்தில், 'பாம்புகளுக்கு விற்பதில்லை.' அழகர்சாமிக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போயிற்று. நேரே வங்கிக்கு ஓடியது.

மேனேஜர் ஒரு நாரை. கழுத்தை நீட்டிக் கணினியைப் பார்த்தது.

"உங்க கிரெடிட் ஸ்கோர் எழுநூத்து ஐம்பத்தெட்டு. எழுநூத்து ஐம்பது இருந்தாப் போதும். நீங்க பாஸ்."

ஸ்கோர் என்றால் வேறொன்றுமில்லை. வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று தொள்ளாயிரத்துக்குப் போடும் மார்க். அழகர்சாமியிடம் இருந்தது ஒரே ஒரு கிரெடிட் கார்டு. ஆறு வருஷமாக வைத்திருந்தது. பில் வருவதற்கு முன்பே பணத்தோடு போய் நிற்கும் ரகம். அதனால் வந்த மார்க் அது.

"மழைக்கு முன்னாடி கடனைக் கொடுத்துடலாம்" என்றது நாரை. "இருபது நாள்ல பாரத்தை நிரப்பிக் கொண்டாங்க. உங்ககிட்ட என்னென்ன ஆதாரம் இருக்கோ, எல்லாத்தையும் இணைச்சுக் கொண்டாங்க."

கெட்டது குடி. ஆதாரம் என்று ஒருவர் கேட்டுவிட்டால் நமக்கெல்லாம் கை நிற்காது. ஒன்று கேட்ட இடத்தில் ஆறு நீட்டினால் கவுண்டரில் இருப்பவர் எழுந்து நின்று வணக்கம் சொல்வார் என்று ஒரு நம்பிக்கை. கீரியை மட்டும் சொல்வானேன்? கேஸ் இணைப்பு வாங்கப் போனபோது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் எடுத்துப் போனவன் நான்.

நீர்த்துறைக்குப் போகும் வழியில் ஒரு குடைக்கடியில் மடக்கு மேசை போட்டு மைனா ஒன்று நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்காமல் எந்த மிருகமும் உயிர் வாழ முடியாது என்பதைக் கண்டுபிடித்துத்தான் அங்கே மேசையைப் போட்டிருந்தது.

"சார், ரெண்டே நிமிஷம் சார்! லைஃப் டைம் ஃப்ரீ சார்! அஞ்சு பேங்க் கார்டும் நம்மகிட்ட இருக்கு சார்!"

அழகர்சாமி நின்றது. மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒரு பேங்க் என்னை நம்பினால் அது தற்செயல். ஆறு பேங்க் நம்பினால் அது சாட்சி. அத்தனை கார்டையும் ஜெராக்ஸ் எடுத்துப் பாரத்தோடு இணைத்தால் நாரை என்ன, நாரையின் ஹெட் ஆபீஸே அசந்துபோகும்.

"அஞ்சையும் கொடு" என்றது.

மைனாவுக்கு அந்த மாத டார்கெட்டுக்கு ஐந்தே ஐந்து கார்டுதான் பாக்கி. அதைத் தள்ளிவிட்டால் இன்சென்டிவ் நிச்சயம். கண் கலங்கிவிட்டது.

"சார், நீங்க தெய்வம் சார்!"

"உங்கிட்ட எத்தனை கார்டும்மா இருக்கு?"

"எனக்கா? ஒண்ணுதான் சார், பழசு. நமக்கெதுக்கு சார் இத்தனை?" என்று சொல்லிக்கொண்டே மைனா ஐந்து பாரத்திலும் கையெழுத்து வாங்கியது.

இனாமாக ஒரு குடை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு ஹாட் பாக்ஸ், இரண்டு டிராலி பை கிடைத்தன. நாலு காலால் நடக்கும் பிராணிக்கு டிராலி பையை எந்தக் காலால் இழுப்பது என்று தெரியவில்லை. குட்டிகள் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டன.

"செலவு பண்ணிட மாட்டீங்களே?" என்றது பொன்னுத்தாயி.

"தொடவே மாட்டேன். ஜெராக்ஸுக்கு மட்டும்தான்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒரு பைசா செலவழிக்கவில்லை. ஆறு கார்டையும் நகலெடுத்து, கெஜட்டட் அதிகாரியான யானையிடம் கொண்டுபோய்ப் பச்சை மையில் கையெழுத்து வாங்கியது. யானை சீல் குத்தியதில் இரண்டு நகல் கிழிந்து, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கும் அழகர்சாமி அலுத்துக்கொள்ளவில்லை.

இருபதாம் நாள், தடித்த ஃபைலோடு வங்கியில் உட்கார்ந்தது. நாரை ஃபைலைத் தொடவே இல்லை. கணினியைப் பார்த்தது. கழுத்து மெதுவாகச் சுருங்கியது.

"எழுநூத்து ஒன்பது."

"என்னது சார்?"

"உங்க ஸ்கோர். நாப்பத்தொன்பது குறைஞ்சிருக்கு. இந்த மாசத்துல அஞ்சு கார்டுக்கு எழுதிக் கொடுத்தீங்களா?"

"ஆமா சார்! எல்லாரும் கொடுத்துட்டாங்க சார்!" என்று அழகர்சாமி பெருமையோடு ஃபைலைத் திறந்தது. "பச்சை மைலயே இருக்கு பாருங்க."

"நீங்க ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் அந்த பேங்க் உங்க கணக்கை எட்டிப் பார்க்கும். அது பதிவாகும். ஒரே மாசத்துல அஞ்சு தடவைன்னா, இவருக்கு ஏதோ பண நெருக்கடின்னு சிஸ்டம் நினைச்சுக்கும்."

"நான் ஒரு பைசா எடுக்கலையே சார்."

"எடுக்கலை. ஆனா கேட்டீங்க. அதோட, உங்க கார்டுக்கு ஆறு வயசு இருந்துச்சு. இப்ப அஞ்சு பச்சைக் குழந்தையும் சேர்ந்துடுச்சா? சராசரி எடுத்தா ஒரு வயசுதான் வருது."

அழகர்சாமிக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், எனக்கும் அஞ்சு குட்டி. குட்டி பிறந்ததும் என் வயசு குறைஞ்சுடுச்சா?"

நாரை ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. அதற்கு விடை சுற்றறிக்கையில் இல்லை.

"சரி, அஞ்சையும் இப்பவே திருப்பிக் கொடுத்துடறேன்."

"கொடுத்தாலும் கேட்டது கேட்டதுதான். ஒண்ணும் பண்ணாம சும்மா இருங்க. ஆறு மாசத்துல தானா ஏறிடும்."

"மழை பத்து நாள்ல வந்துடும் சார்."

"மழைக்கு ஸ்கோர் கிடையாதே" என்றது நாரை. கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னது.

அன்றைக்கு வீட்டில் யாரும் சமைக்கவில்லை. பொன்னுத்தாயி திட்டவும் இல்லை. டிராலி பைகளில் குட்டிகளின் சாமான்களை அடுக்க ஆரம்பித்தது. அதுதான் அழகர்சாமிக்குத் தாங்க முடியவில்லை.

மறுவாரம் வானம் கறுத்தது. முதல் தூறலில், குட்டிகள் ஏறிய டிராலி பைகளோடு இரண்டும் மேட்டுப் பக்கம் ஓடிப் பார்த்தபோது புற்றில் விற்பனைப் பலகை இல்லை. 'வாடகைக்கு' என்று வேறு பலகை இருந்தது. அதன் மேல் மைனா உட்கார்ந்திருந்தது.

"வாங்க சார்! உங்க புண்ணியத்துல டார்கெட் முடிஞ்சு இன்சென்டிவ் வந்துச்சு சார். அதை முன்பணமாக் கட்டினேன். ஸ்கோர் எண்ணூத்துப் பத்து. நாரை சார் ஒரே நாள்ல கடன் கொடுத்துட்டாரு."

"நீ மரத்துல இருக்கறவ. உனக்கு எதுக்கும்மா புற்று?"

"எனக்கு வேணாம் சார். சும்மா இன்வெஸ்ட்மெண்ட்டுக்கு."

ஓடைப் பக்கமிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குட்டிகள் ஐந்தும் பைகளுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன.

"வாடகை எவ்வளவு?" என்றது பொன்னுத்தாயி.

"உங்களுக்காகக் குறைச்சுக்கறேன்க்கா. ஆனா பத்து மாச அட்வான்ஸை இப்பவே கொடுத்துடணும்."

"அவ்வளவு பணம் கையில இல்லையே" என்றது அழகர்சாமி.

"அதுக்கென்ன சார், அஞ்சு கார்டு இருக்குல்ல?" என்று மைனா இறக்கைக்கு அடியிலிருந்து ஸ்வைப் மெஷினை எடுத்தது.

அழகர்சாமி பொன்னுத்தாயியைப் பார்த்தது. பொன்னுத்தாயி கடைக்குட்டியின் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னது:

"கொடுங்க. ஒரிஜினலையே கொடுங்க. பச்சை மை எல்லாம் அவளுக்கு வேணாமாம்."

நீதி: வீட்டுக்கடன் வீடு தேவைப்படாதவருக்கே கிடைக்கும். வீடு தேவைப்படுபவர், அவருக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸுக்காக நாலைந்து கார்டு வாங்கி வைத்துக்கொள்ளவும்.