மேயர் வரவேண்டிய இடத்தில் கழுதை

பொய் சொல்லும் திறமை எனக்குக் கிடையாது. துணிச்சல் மட்டும்தான் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் குரோய்டனில் ஒரு சின்னப் பயண முகவர் நிலையத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்தது அதுதான்.

"ஸ்பெயின் தெரியுமா?" என்று நேர்முகத்தில் முதலாளியம்மா கேட்டார்.

"இரண்டு முறை போயிருக்கிறேன்" என்றேன். (லண்டனுக்கு வந்தபின் நான் போன ஆகத் தூரமான இடம், லண்டனுக்குள்ளேயே பிளேஸ்டோவில் இருக்கும் மச்சாள் வீடு.)

மூன்றாம் மாதம் மாட்டிக்கொண்டேன். ஸ்பெயினில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூருக்கு பஸ் பயணம் ஏற்பாடாகியது. ஆள் சேர்க்க, நூலக மண்டபத்தில் ஸ்லைட் காட்டிப் பேசவேண்டும். "நீதானே அங்கெல்லாம் போனவள்?" என்றார் முதலாளியம்மா. பஸ் நிரம்பாவிட்டால் என் வேலை நிலைக்காது என்பது அவர் சொல்லாமலே விளங்கியது.

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உமக்கு அந்த ஊரின்ர பேரையாவது சொல்ல ஏலுமோ?"

"ஏலும். நாளைக்குள்ள எல்லாத்தையும் பாடமாக்கிப் போடுவன்."

பாடமாக்கினேன். ரோமர் காலப் பாலம், மணிக்கூண்டில் நாரைக்கூடு, மேயர், எல்லாம் வரிசைப்படி. மண்டபத்தில் ஸ்லைட் பெட்டி கைதவறி விழுந்தது, வரிசையும் போனது. கதிரைகளுக்குக் கீழே தவழ்ந்து பொறுக்கி, அகப்பட்டபடி செருகினேன். விளக்கை அணைத்தார்கள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒப்பித்தேன்.

"ஊரே மதிக்கும் மேயர் இவர்."

மண்டபம் சிரித்தது. திரும்பினால், திரையில் கழுதை. அடுத்த ஸ்லைடில் பாலம் தலைகீழாகத் தொங்கியது.

பின்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். "நான் அந்த ஊரில் பிறந்தவன். நீங்கள் அங்கே போனதே இல்லை, அல்லவா?"

"இல்லை" என்றேன். முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் அடுத்த ஸ்லைடுக்குப் பொத்தானை அழுத்தினேன். ஆற்று நீரை இறைக்கும் பெரிய மரச்சக்கரமும், அதிலிருந்து வயலுக்கு ஓடும் வாய்க்காலும் திரையில் வந்தன.

இது எனக்குத் தெரியும்! யாழ்ப்பாணத்தில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டி வளர்ந்தவள் நான்.

"இந்தத் தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள்" என்றேன். "ஒருவர் வாய்க்காலை மண்போட்டு அடைத்தால்தான் அடுத்தவர் பாத்திக்குப் போகும். முறை தவறினால் அன்றைக்குச் சண்டை."

முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தச் சண்டையில்தான் என் மாமாவுக்கு ஒரு பல் போனது!"

அவரே முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். அராபியர் வெட்டிய வாய்க்கால்கள், நெட்டிலிங்கம் போல உயர்ந்த கரையோர மரங்கள், கழுதையின் பெயர் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் ஒருவரும் எழும்பவில்லை. பஸ் நிரம்பி, இரண்டாவது பஸ்ஸும் பிடிக்கவேண்டியதாயிற்று. முதலாளியம்மா என்னைப் பொய்க்காரி என்று திட்டிவிட்டு, இரண்டுக்கும் என்னையே வழிகாட்டியாக அனுப்பினார்.

அதன்பின் ஒன்பது தரம் அந்த ஊருக்குப் போய்விட்டேன். ஆனால் வீட்டில் அதற்கெல்லாம் மதிப்பில்லை; நேர்முகத்தில் சொன்ன அந்தப் பொய்தான் இன்றும் பகிடி. போன கிழமை கார் எஞ்சினைத் திறந்துவைத்து, பெரிய மெக்கானிக் மாதிரி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்த கணவரிடம் மகள் மெல்லக் கேட்டாள்:

"அப்பா, நீங்களும் ஸ்பெயினுக்குப் போயிட்டு வந்தனீங்களோ?"