நான்காவது காயில்

"மாப்பிள்ளை, வண்டி மறுபடியும் இருமுது" என்று மாமனார் போனில் சொன்னதும் மெக்கானிக் விரல்விட்டு நாளை எண்ணினான். அவருடைய பிக்கப் வண்டிக்குப் பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் இக்னிஷன் காயிலைப் புதிதாகப் போட்டு ஒன்பது நாள்கூட ஆகவில்லை. இரண்டு மாதத்தில் இது நான்காவது.

மாமனார் நர்சரி வைத்திருப்பவர். செடி ஏற்றிப் போக அந்த வண்டியை நம்பித்தான் இருந்தார். மருமகனின் பட்டறையும் அந்த வண்டியை நம்பித்தான் இருந்தது; வேறு எவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மாதக் கடைசிவரை பார்ப்பது, தேறாவிட்டால் பட்டறையை மூடிவிட்டுத் தன் அப்பா வீட்டு மாடியில் குடியேறுவது என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். வீட்டோடு மாப்பிள்ளை, அதுவும் அந்த மனிதரின் கண்ணெதிரே என்று நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் காயில் போனபோது போலிச் சரக்கு என்று முடிவுகட்டி உதிரிபாகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனான். பத்து வருடப் பழக்கம் பத்து நிமிடத்தில் முறிந்தது.

இரண்டாவதைக் கழற்றியபோது அது உட்காரும் பிளக் குழிக்குள் தண்ணீர் நின்றது. குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்று துள்ளினான். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் இறங்கக்கூடிய இடுக்குகளையெல்லாம் பசை பிதுக்கி அடைத்தான். தண்ணீர் வெளியேறும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டான் என்பது அடுத்த மழையில் தெரிந்தது. மாமனார் வண்டிக்குள் தேங்கிய கணுக்கால் அளவு தண்ணீரில் காலை வைத்தபடி ஓட்டிவந்தார்.

மூன்றாவது போனபோது எஞ்சினைக் கழுவினீர்களா என்று கேட்டான். அவர் பானெட்டைக் காட்டினார். விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. அப்படியானால் தண்ணீர் உள்ளேயிருந்துதான் வருகிறது என்று எஞ்சினை மொத்தமாகப் பிரித்து மேய்ந்தான். திரும்பப் பூட்டியபோது ஒரு போல்ட் மிச்சம். அன்றிலிருந்து வண்டி இருமியதோடு புகையும் விட்டது.

இவ்வளவுக்கும் மாமனார் முகம் சுளிக்கவில்லை. சாம்பாரில் உப்பு கூடினால் வீட்டை இரண்டாக்கும் மனிதர், இப்போது நிதானமாகப் பாருங்கள், எனக்கு அவசரமே இல்லை என்றார். அந்தப் பொறுமைதான் அவனை அறுத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

இப்போது நர்சரிக்குப் போய் நான்காவதைக் கழற்றினான். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை பெய்து பத்து நாளாகிறது. ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அழுகை வருகிற மாதிரி இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நர்சரியை ஒட்டியிருந்த மாமனார் வீட்டுக்குள் போனான்.

"மாமா, ஒரு காயில் ஏன் போகுதுன்னு கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்குப் பட்டறை எதுக்கு? நாளைக்கே பூட்டிடறேன். உங்க பொண்ணு சொன்ன மாதிரி மாடிக்கே வந்துடறோம்."

மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. இன்னும் ஒரே ஒரு காயில் போட்டுப் பார்ப்போமே."

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தாமலே கணவரிடம் சொன்னார்.

"வேலை வந்துகிட்டே இருந்தா மாப்பிள்ளை பட்டறையை மூடிட்டு இங்க குடிவர மாட்டாருன்னு, பூவாளியால எஞ்சினுக்குத் தண்ணி ஊத்தினீங்களே, இப்ப எழுந்து போய் மாடியைக் கூட்டுங்க."