கொட்டகைக்கு மூன்று நாள் விடுமுறை

வரும் ஞாயிற்றுக்கிழமை எந்த ஆட்டின் புழுக்கையையும் தொடுவதில்லை என்று உத்தமன் சபதம் செய்தான். அன்று இந்தியா - பாகிஸ்தான் மேட்ச். கன்னடம் பேசும் அடுகோடியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கும் மனிதன் அன்றைக்குப் போய்க் கொட்டகை கழுவுவதா?

வீட்டுக்குப் பின்னாலிருந்த ஆறு செம்மறிகளும் மனைவி சாந்தகுமாரியின் சொத்து. கழுவும் உரிமை மட்டும் உத்தமனுக்கு. ஒரு மாதமாக அந்த உரிமையை அவன் பயன்படுத்தவில்லை. பொறுத்துப் பார்த்த சாந்தகுமாரி, கால்நடை டாக்டர் கொடுத்த நோட்டீஸை அவன் மடியில் வைத்தாள். புழுக்கையை வழித்தெடுக்கவும். தரையைக் கழுவவும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும். கிருமிநாசினி தெளிக்கவும். பிறகு மூன்று நாள் ஆடுகளை விடாமல் உலர்த்தவும்.

உத்தமன் நுணுக்கமாகப் படிப்பவன். ஐந்து கட்டளைகளில் கடைசியை மட்டும் நிறைவேற்றினால் போதும் என்று கண்டுபிடித்தான்.

வெள்ளிக்கிழமை அவள் மார்க்கெட் போன நேரத்தில் ஆடுகளை வெளியே கட்டி, கதவின்மேல் ஒரு மூடி ஃபினாயில் தெளித்து, பூட்டினான். "மூன்று நாட்களுக்கு ஆடுகள் நுழையக் கூடாது" என்று அட்டையும் மாட்டினான். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. ஆடுகளின் தாய்மொழி எதுவென்று அவனுக்கு நிச்சயமில்லை.

திரும்பி வந்த சாந்தகுமாரி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"பின்ன? தரையில இலை போட்டுச் சாப்பிடலாம். அவ்ளோ சுத்தம்!"

"மூணு நாள் ஆடுங்களை எங்க கட்டறது? தெருவுல நாய்ங்க இருக்கே."

இதை நோட்டீஸ் சொல்லவில்லை. சாந்தகுமாரி சொன்னாள். "ஹால்ல."

ஞாயிறு மதியம். டாஸ் போட்டாகிவிட்டது. சோபாவில் இரண்டு ஆடுகளுக்கு நடுவே உத்தமன் இடம்பிடித்தபோது சாந்தகுமாரி வந்தாள்.

"எழுந்திருங்க. ஆடு இருக்கற இடத்துல வெளியாள் இருந்தா நோய் ஒட்டுமாம். டாக்டர் சொன்னாரு."

"நானா வெளியாள்?"

"ராத்திரி பூரா இருமினது நீங்களா, ஆடா?"

"அப்ப நான் எங்கடி போறது?"

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. கொட்டகைதான் காலியா இருக்கே. ஆடுதான் நுழையக் கூடாது, நீங்க நுழையலாம். இந்தாங்க இலை. தரையில போட்டு வைங்க, ஒரு மணி நேரத்துல சோறு கொண்டாறேன்."

உத்தமன் கதவைத் திறந்தான். ஒரு மாதத்து நெடி அவனைக் கட்டித் தழுவியது. கண்ணில் தாரை தாரையாக நீர். கணுக்கால் வரை புழுக்கை. ஒரு மணி நேரத்தில் இங்கே இலை விரித்தாக வேண்டும்!

மண்வெட்டியை எடுத்தான். வழித்தான், கழுவினான், சுண்ணாம்பு அடித்தான், ஃபினாயிலைக் குடம் குடமாகக் கரைத்துத் தெளித்தான். ஹாலிலிருந்து ஆரவாரம் கேட்கும்போதெல்லாம், சிக்ஸரா விக்கெட்டா என்று தெரியாமல் ஒரு மூலையை அதிகமாகத் தேய்த்தான்.

சாந்தகுமாரி சோற்றுடன் வந்தாள். சுவரை விரலால் தொட்டாள். ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது. உத்தமன் வேறு திசையில் பார்த்தான். அவள் இலையில் சோற்றை வைத்தாள்.

"நல்லா அடிச்சிருக்கீங்க. அப்ப இன்னியிலேர்ந்து மூணு நாள் உலரணும்."

"சரி, சரி! ஆடு ஹால்லயே இருக்கட்டும். நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன். பத்து ஓவர்தான் ஆயிருக்கு, சாந்தா!"

"வாங்களேன். ஹால்லயும் ரெண்டு நாள் புழுக்கை சேந்துபோச்சு, கையோட கழுவிடுங்க. தண்ணி பட்டுடுமேன்னு டிவியைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன்."