சிம்மத்துக்கு நஷ்டம், கன்னிக்கு லாபம்

'சிம்மம் – நஷ்டம்' என்று போட்டிருந்தது.

சண்முகவேல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆபீஸ் சுவரில் தொங்கிய காலண்டரை மறுபடி பார்த்தார். நஷ்டம்தான். புது வங்கியில் கணக்குத் தொடங்கப் பையும் கையுமாகக் கிளம்பி நின்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சிவகாசியில் அவருக்கு ஒரு அச்சகம். தினசரி காலண்டர்தான் தொழில். இருபத்தேழு வருடமாக அவர் கரண்ட் அக்கவுண்ட் வைத்திருந்த வங்கி, இந்த ஆவணியில் தன் காலண்டர் ஆர்டரைத் தூக்கி அடுத்த தெரு அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு மெஷின் சும்மா நின்றன. எந்த வங்கி காலண்டர் ஆர்டர் தருகிறதோ, அங்கேதான் இனிமேல் கணக்கு என்று சண்முகவேல் முடிவு செய்தார். சேவைக் கட்டணம் எவ்வளவு, செக் புத்தகம் எத்தனை என்றெல்லாம் அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை.

நாலு வங்கி ஏறி இறங்கியதில் பிரபாகரன் என்ற மேனேஜர் மட்டும் பிடி கொடுத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எங்ககிட்ட அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிடுங்க சார். எங்க கஸ்டமர்னு ஹெட் ஆபீஸுக்கு எழுதி அனுப்பினா, பத்தாயிரம் காலண்டர் உங்களுக்குத்தான்" என்றார். சண்முகவேல் மாதிரிக்குக் கொடுத்த இந்த வருடக் காலண்டரையும் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

இன்று திங்கள். இன்றைக்குப் பார்த்தா நஷ்டம்?

"என்னங்க, கெளம்பலையா?" என்று கேட்டாள் மனைவி ஞானசுந்தரி. காலையில் அச்சகத்தைத் திறப்பது, பில் போடுவது, ஜிஎஸ்டி கட்டுவது எல்லாம் அவள்தான்.

"சிம்மத்துக்கு நஷ்டம்னு போட்டிருக்கு."

"நம்ம அடிச்ச காலண்டர்தான?"

"அதான் பயமா இருக்கு. ஊரான் காலண்டர்னா தைரியமாப் போயிருவேன்."

"என் ராசிக்கு என்ன?"

சண்முகவேல் எட்டிப் பார்த்தார். "கன்னி – லாபம்."

"அப்ப என்னையும் பங்குதாரராச் சேத்து, ரெண்டு பேர் பேர்லயும் கணக்குத் தொடங்குங்க."

பத்து வருடமாக அவள் கேட்பது இது. பத்து வருடமாக அவர் சொல்லும் பதிலையே இன்றும் சொன்னார். "வீட்டுக்கே நீதான முதலாளி. இதுல வேற என்னத்துக்கு?"

மூலையில் கம்ப்யூட்டரில் வடிவமைப்பு செய்யும் ஸ்ரீமதி லேசாக இருமினாள்.

செவ்வாய்க்கிழமை 'சிம்மம் – தாமதம்'. சண்முகவேல் தாளைத் தடவிப் பார்த்தார். நல்ல கனம். இவ்வளவு தரமான தாளில் வந்த பலன் பொய்யாகுமா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது.

நேராகத் தங்கச்சாமி டீக்கடைக்குப் போனார். அங்கே தொங்கியது அடுத்த தெரு அச்சகத்தின் காலண்டர். டீயை ஆற்றுவதுபோல் ஓரக்கண்ணால் பார்த்தார். 'சிம்மம் – வெற்றி'.

"என்ன அண்ணாச்சி, ஒங்க காலண்டர்ல பேட்டரி தீந்துபோச்சா?" என்றார் தங்கச்சாமி, கடை முழுக்கக் கேட்கும்படி.

மதியத்துக்குள் செய்தி சாத்தூர் போய்விட்டது. அங்கிருந்து ஏஜெண்ட் பாண்டிமுருகன் போன் செய்தார். "அண்ணாச்சி, ஒங்க காலண்டர் மேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையாம்லா? நம்ம ஐநூறு பீஸக் கொஞ்சம் நிறுத்தி வைங்க."

மானம் போகிற காரியமாகிவிட்டது. புதன்கிழமை விடிந்ததும் டீக்கடை வாசலில் நின்று சண்முகவேல் சத்தமாகச் சொன்னார்: "என் காலண்டர் சரின்னு சொல்லாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். எல்லாரும் கேட்டுக்கோங்க!"

கேட்டுக்கொண்டார்கள். பாண்டிமுருகன் சமாதானமானார். சண்முகவேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து அன்றைய தேதியைப் பார்த்தார்.

'சிம்மம் – முடக்கம். கன்னி – மேன்மை.'

இப்போது வங்கிப் பக்கம் தலை வைத்தால் தெருவே சிரிக்கும். வியாழக்கிழமை 'வீண்பழி'. கன்னிக்கு 'ஆதாயம்'.

"சார், நாளைக்கு நாலு மணிதான் கடைசி. இன்னொரு பார்ட்டியும் கேக்கறாங்க" என்று பிரபாகரன் போனில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை 'சிம்மம் – அவமானம்' என்றிருந்தது. பக்கத்திலேயே 'கன்னி – பெருமை'. சண்முகவேல் இரண்டு மெஷினையும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"சரி சுந்தரி. உன்னையும் சேத்துருவோம். ஆனா பத்திரம் எளுதணும், பான் கார்டு வாங்கணும். இன்னைக்குள்ள எங்கன முடியும்?"

ஞானசுந்தரி பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டினாள். பத்திரம், பான் கார்டு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் இருந்தன.

"இது எப்ப?"

"போன மாசம் ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு கட்டுத் தாள்ல கையெழுத்துப் போட்டீகளே, படிச்சா பாத்தீக?"

"என்னா ஒரு முன்யோசனை!" என்று சண்முகவேல் மனம் விட்டுப் பாராட்டினார்.

மூன்றரை மணிக்கு வங்கியில் எல்லாம் முடிந்தது. முதல் கையெழுத்து ஞானசுந்தரி, இரண்டாவது சண்முகவேல். பிரபாகரன் தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பி, பதிலையும் வாங்கிவிட்டார். "கங்கிராட்ஸ் மேடம். பத்தாயிரம் காலண்டர்!" என்று அவளுக்குத்தான் கை குவித்தார்.

ஐந்து நாளுக்குப் பிறகு சண்முகவேலுக்கு மூச்சு சீராக வந்தது. நாற்காலியில் சாய்ந்தார். மேனேஜரின் தலைக்கு மேல் தன் காலண்டர் தொங்குவதைப் பெருமையாகப் பார்த்தார். அதே தேதி, அதே வெள்ளிக்கிழமை, அடியில் அவருடைய அச்சகத்தின் பெயர்.

'சிம்மம் – வெற்றி. கன்னி – அலைச்சல்.'

அவருக்கு வேர்த்துவிட்டது. ஒரே காலண்டரில் இரண்டு விதமான பலன்! பாண்டிமுருகனுக்குத் தெரிந்தால் ஐநூறு பீஸ் என்ன, சாத்தூரே கை நழுவிப் போகும். ஞானசுந்தரி மேனேஜர் கொடுத்த காப்பியை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். சண்முகவேல் வெளியே ஓடிவந்து ஸ்ரீமதிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா ஸ்ரீமதி, மோசம் போயிட்டோம்! ஆபீஸ்ல சிம்மத்துக்கு அவமானம், பேங்க்ல வெற்றி. இப்பிடித் தப்பா எத்தன பீஸு வெளிய போயிருக்கு?"

"ஒண்ணுகூடப் போகல அண்ணாச்சி, பயப்படாதீக" என்றாள் ஸ்ரீமதி. "ஆபீஸ் சுவத்துல இருக்கிறது மட்டும்தான் இந்த வாரம் தினமும் காலைல அக்கா சொல்லச் சொல்ல நான் அடிச்சு மேல ஒட்டுனது, நாளைக்கு ஒங்களுக்கு 'நிம்மதி'ன்னு போடச் சொல்லிட்டுத்தான் அங்கன வந்திருக்காக."