எங்கள் தெருவைச் சிவப்பாக்கக் கோரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீங்களும் பாப்பாவும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். குளித்து மூன்று நாளான மனிதர் அப்படி எழுதினால் அது பச்சைப் பொய் என்று உங்கள் அத்தை பக்கத்தில் நின்று சொல்கிறாள். ஆகவே உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நீங்கள் நடுநடுவே "மாமா, ஒரு நிமிஷம்" என்று புகுந்துவிடுவீர்கள். கடிதம் என்றால் முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போன தடவை வந்தபோது எங்கள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த ஆற்றுப் படுகை முழுவதிலும் நிலத்துக்கடியில் எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று வரைபடம் போடுவதைக் காட்டினீர்கள். செயற்கைக்கோள் தண்ணீரையே எட்டிப் பார்த்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை மாமா, அது மேலே இருந்து பாறை, சரிவு, ஓடை, மண், மரம் இவற்றைத்தான் பார்க்கும், நாங்கள் ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவோம், நிறைய மார்க் வாங்கிய இடம் அடர்நீலம், ஃபெயிலான இடம் சிவப்பு என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். படம் சரியா என்று பார்க்க முப்பத்தோரு கிணறுகளில் நீர்மட்டம் அளக்க வேண்டும், முப்பது ஆயிற்று, உங்கள் தெருக் கிணறு ஒன்றுதான் பாக்கி, "மாமாவ விட்டா அளவு எடுக்க வேற யாரு இருக்கா" என்றும் சொன்னீர்கள். எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் புளியங்கொட்டையை மூக்காலேயே கண்டுபிடித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என்னை அளக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கள். உச்சி குளிர்ந்துவிட்டது.

நீங்கள் ஊருக்குப் போன இரண்டாம் நாளே டேப்பின் நுனியில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, மூன்று முறை அளந்து, கிணற்றுச் சுவரின் உயரத்தைக் கழித்து, இரண்டு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர் என்று உங்கள் படிவத்தில் எழுதி அனுப்பினேன். அளவில் ஒரு நூல்கூடப் பிழை கிடையாது, அதை இன்றைக்கும் சொல்வேன். பிழை தண்ணீரில் இருந்தது. நீங்கள் இங்கு வந்து தங்குவது சனி ஞாயிறில். செவ்வாய்க்கிழமைதோறும் குடிநீர் அலுவலகத்திலிருந்து தண்ணீர் லாரி வந்து, ஹோஸ் பைப்பைக் கிணற்றுக்குள் விட்டு நிரப்பிவிட்டுப் போவதை நீங்கள் பார்த்ததே இல்லை. தெருவில் பெரிய தொட்டி இல்லை. வறண்டுபோன கிணறுதான் எங்களுக்குத் தொட்டி. நான் அளந்தது செவ்வாய்க்கிழமை மதியம், லாரி போன அரைமணி நேரத்தில். "தெரிஞ்சே ஏன் எழுதுனீங்க?" என்று உங்கள் அத்தை கேட்கிறாள். படிவத்தில் நீர்மட்டம் என்று ஒரு கட்டம் இருந்தது. நீர் எங்கிருந்து வந்தது என்று கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தில் நான் எங்கே எழுதுவது? கேட்டதற்கு மட்டும் பதில் எழுதியே பதவி உயர்வு வாங்கியவன் நான்.

நீங்களும் சும்மா இருக்கவில்லை, போன் செய்து கேட்டீர்கள்தான். "மாமா, படத்துல உங்க தெரு நல்ல சிவப்பா இருக்கு, உங்க அளவு வேற மாதிரி இருக்கே, இன்னொரு தடவை பாக்குறீங்களா?" என்றீர்கள். "முப்பத்திரண்டு வருஷம் ஊரையே சந்தேகப்பட்டவன் நான், என்னையே சந்தேகப்படுறீங்களா மாப்பிள்ளை?" என்று குரலை உயர்த்தினேன். அதற்குப் பயந்து நீங்கள் பாறை விரிசலுக்குக் கூடுதலாக மார்க் போட்டு எங்கள் தெருவை அடர்நீலமாக்கினீர்கள். தெருவுக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப் பாறைக் குன்றும் கூடவே நீலமாகிவிட்டது. அந்தக் குன்றில் ஓணான்கூட நாக்கு வறண்டுதான் திரிகிறது. மாமனாருக்கு மரியாதை கொடுப்பது நல்ல குணம், குறை சொல்லமாட்டேன், ஆனால் விஞ்ஞானத்தில் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

படம் அச்சாகிக் குடிநீர் அலுவலகத்துக்கு ஒன்று போனதும், பாப்பா எனக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். அதை வீட்டுக்குள் சுருட்டி வைத்திருந்தால் நான் மனிதன். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தெருமுனை அறிவிப்புப் பலகையில் மாட்டி, என் மாப்பிள்ளை போட்டது என்று வருவோர் போவோரையெல்லாம் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டினேன். அவரவர் வீட்டின் மேல் விரலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியே மங்கிவிட்டது. மருந்துக் கடைக்காரர் கடை வாசலில் "அடர்நீலப் பகுதி" என்று எழுதி ஒட்டினார். கணக்கு வாத்தியார் வீட்டுக்குத்தான் ஏழரை. உங்கள் படத்தில் ஒரு கட்டம் முப்பது மீட்டர் அல்லவா? இரண்டு கட்டங்களின் எல்லை அவர் வீட்டுக்கு நடுவே போகிறது. அடுக்களை மிக நன்று, ஹால் சுமார். மனுஷர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்களையில் உட்கார்ந்துவிட்டார், அவர் மனைவிக்குச் சமைக்க இடமில்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. கிணற்றில் வாளியை விட்டால் சேறும் ஒரு பழைய செருப்பும் வந்தன. கணக்கு வாத்தியார் படத்தை ஒரு பார்வை பார்த்தார், காலிக் கிணற்றை ஒரு பார்வை பார்த்தார், "நீலத் தெருவுக்கு எதுக்கு லாரின்னு நிறுத்திட்டாங்கய்யா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அதோடு விடாமல் பூதக்கண்ணாடி கொண்டுவந்து படத்தின் மூலையில், கிணற்று அளவுகளைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது என்றிருந்த பொடி எழுத்தை உரக்கப் படித்தார். நம்ம கிணற்றை அளந்த அந்தப் புண்ணியவான் யார் என்று கண்டுபிடிக்க அங்கேயே ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அளவு விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான் என்று தலைவர் பதவியை என் தலையில் கட்டினார்கள். மறுத்தால் சந்தேகம் வரும் என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதோடு வாயை மூடியிருக்கக் கூடாதா? "அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும், எலும்ப எண்ணிடறேன்!" என்று முழங்கினேன். பலமாகக் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை ஒரு செம்புத் தண்ணீரை என் முன்னால் டொக்கென்று வைத்து, "இந்தாங்க, குளிங்க. எலும்ப எண்ண வசதியா இருக்கும்" என்றாள்.

பத்து நாள் விசாரணை நடத்தினேன் மாப்பிள்ளை. பால்காரர், தபால்காரர், கிணற்றோரம் சும்மா நின்ற ஒரு குடை வியாபாரி என்று பதினாறு பேரை விசாரித்துப் பதினாறு பேரும் குற்றமற்றவர்கள் என்று அறிக்கை எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நேற்றுக் காலை தையல்கார அம்மா மூன்று தெரு தள்ளி இருக்கும் குழாயிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர், பத்தடிக்கு ஒரு முறை குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறார். நான் ஓடிப்போய்க் குடத்தை வாங்கினேன். "கமிட்டி வேலைய விட்டுட்டு எனக்காக வர்றீங்களே சார், அந்தப் பாவி இருக்கற எடம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். குடம் கனத்தது. அதைவிட அந்தச் "சார்" கனத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

இன்று மாலை கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "அந்தப் பாவி நான்தான்" என்று சொல்லிவிட்டேன். மருந்துக் கடைக்காரர் எனக்கு ரத்த அழுத்தம் கூடிவிட்டது என்று கருவியை எடுத்து வர ஓடினார். கணக்கு வாத்தியார் மட்டும், "செவ்வாய்க்கிழமையா அளந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "தசம ஸ்தானம் வரைக்கும் சரியா அளந்திருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் இருந்த நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். தையல்கார அம்மாதான் கடைசியில் பேசினார். "திட்டினா தண்ணி வந்துருமா? சார் கையால மாப்பிள்ளைக்கு எழுதட்டும், மாத்திக் குடுக்கட்டும்." தலைவர் பதவியிலிருந்து என்னை ஏகமனதாக நீக்கினார்கள். நானும் கையைத் தூக்கினேன்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கிழவனின் இரண்டு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டரைக் குப்பையில் போட்டுவிட்டு, உங்கள் செயற்கைக்கோள் முதலில் என்ன சொன்னதோ அதையே போட்டு, எங்கள் தெருவைச் சிவப்பாக்கி, அந்தக் குன்றையும் பழையபடி பாறையாக்கி, லாரியை நிறுத்திய அலுவலகத்துக்கு உடனே அனுப்பி வைக்க வேண்டுகிறேன். என் பெயர் வந்தாலும் பரவாயில்லை. உங்கள் வேலைக்கு இதனால் ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் என் கவலை. நீங்கள் சரியாகத்தான் போட்டிருந்தீர்கள், நான்தான் அதட்டிக் கெடுத்தேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

இப்படிக்கு,
மிகச் சரியாக அளந்த மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஹார்ன் சத்தம். லாரி! தெருவே குடத்தோடு ஓடியது. நான் ஓட்டுநரிடம் போய், "நீலத் தெருவுக்கும் லாரி விடச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். "என்ன நீலம்? வண்டிக்குக் கிளட்ச் போயிருச்சு சார், ஸ்பேர் வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருச்சு" என்றார். அப்படியானால் படம்? "படமா? நீளமா ஒண்ணு சுருட்டி வந்துச்சு, போட்ட ரப்பர் பேண்டு போட்டபடி பீரோ மேல கெடக்கு. ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பாக்கல" என்றார். தெரு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இன்னும் தலைவர். போகட்டும். மாப்பிள்ளை, நீங்கள் கும்பிட வேண்டிய தெய்வம் அந்த ரப்பர் பேண்டுதான். யாராவது அதைக் கழற்றுவதற்குள் எங்கள் தெருவைச் சிவப்பாக்கிவிடுங்கள்.