என்ஜினுக்குக் காற்றோட்டம் செய்து கொடுத்தது நான்தான்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்; முழங்கால் மட்டும் மாடிப்படியோடு பேச்சுவார்த்தையில் இல்லை. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர் என்னை விசாரிக்காவிட்டாலும் சொல்லவும்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மன்னிப்பு என்றால் மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று கான்வென்டில் எங்களை வளர்த்தார்கள். அங்கே படித்த பதினோரு வருடத்தில் நான் ஒன்றுகூட எழுதியதில்லை என்று இதுவரை பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எழுபத்திரண்டு வயதில் பழக்கமில்லாத வேலை, ஆகவே கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவேன்.

உங்கள் மாமா ஒன்பது வருடம் கொட்டகையில் உட்கார்ந்து கட்டி, அவர் போனபின் நீங்கள் ஞாயிறுதோறும் வந்து முடித்துக் கொடுத்த, ஆள் ஏறிப் பறக்கும் குட்டி விமானத்தின் என்ஜினை முதல்முதலாக ஓட்டிப் பார்க்கும் நாள் என்று சம்பந்தியம்மாவையும் வரவழைத்து, கூடத்து நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டு உட்காரவைத்தது நான்தான். பதினைந்து நிமிடம் அது ராஜா மாதிரி ஓடியது. பிறகு இடப்பக்கத்திலிருந்து பட் பட்டென்று துப்ப ஆரம்பித்து, சம்பந்தியம்மாவின் வெள்ளைப் புடவையில் கரியைப் பூசிவிட்டு நின்றது. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு அத்தை" என்றீர்கள். சிலிண்டருக்கும் அதன் தலைமூடிக்கும் நடுவே உட்காருகிற, வளையல் மாதிரியான அந்தச் செப்பு வளையத்தை வைத்தவர் நீங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"நான் அன்னைக்கே பாத்தேன். நட்டை வரிசையா முறுக்காம, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு விளையாட்டா முறுக்கினா எப்படி நிக்கும்? உங்க மாமா இருந்திருந்தா இப்படி ஒரு வேலை நடந்திருக்குமா?" என்றேன். "எம் புள்ள சொந்த வேலையெல்லாம் போட்டுட்டு வந்து பாக்குறான்" என்றார் சம்பந்தியம்மா. "அதான் தெரியுதே" என்றேன். இப்போது எழுதும்போதே காது சுடுகிறது. நீங்கள் என்ஜின் மூடியைத் திறந்து நெடுநேரம் உள்ளே பார்த்தீர்கள். மெதுவாக மூடினீர்கள். "தப்பு என் மேலதான் அத்தை" என்று சொல்லிவிட்டு, கருவிப்பெட்டியையும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனவர், மூன்று ஞாயிறாக வரவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. உங்கள் தவறுகளைப் பட்டியல் போட்டு அனுப்பலாம் என்று என்ஜின் கையேட்டையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இருபது பக்கத்தில் ஏழு எழுத்துப்பிழைகள். அவை உங்களைச் சேர்ந்தவை அல்ல என்பதால் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். முப்பத்தோராம் பக்கத்தில், தலைமூடி நட்டுகளை என்ஜின் நன்றாக ஆறியபின், குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து முறுக்கவேண்டும், வரிசையாக முறுக்கினால் மூடி சாய்ந்து வளையம் கசியும் என்று போட்டிருந்தது. அதாவது நீங்கள் முறுக்கிய மாதிரியே. பென்சிலைக் கீழே வைத்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக் கீழே வைத்தேன்.

மாப்பிள்ளை, என்ஜினை ஓட்டுவதற்கு மூன்று நாள் முன்பு, தூசி தட்டுவதற்காக நான் என்ஜின் மூடியைத் திறந்தேன். சிலிண்டர்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆறு அலுமினியத் தகடுகள் இருந்தன. காற்றால் குளிரும் என்ஜின் என்று பெயர், அதைப் போய் ஜன்னலடைத்த அறை மாதிரி வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கான்வென்டில் மழைக்காலத்தில்கூட ஜன்னலைச் சாத்த விடமாட்டார்கள். ஆறையும் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, 'தேவையற்றவை' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்கினேன். சீட்டில் எழுத்து மிக அழகாக விழுந்திருந்தது. அந்தத் தகடுகள் இல்லாமல் என்ஜினை ஓட்டவே கூடாது என்பதுதான் முப்பத்தெட்டாம் பக்கம்.

கையேட்டை முழுதாக நம்ப மனம் வராமல், தெருமுனை மெக்கானிக்கை அழைத்துக் காட்டினேன். "இதைச் சுத்தித் தகடு இருக்கணுமே, எந்தப் புத்திசாலி கழட்டினான்?" என்றார். "புத்திசாலி உங்க முன்னாடிதான் நிக்கிறேன். காத்து வரட்டும்னு கழட்டினேன்" என்றேன். பாவம், தலையைச் சொறிந்தார். "காத்து சோம்பேறிம்மா. வழி விட்டா ஓரமா நழுவிப் போயிரும். தகட்டை வச்சுச் சந்துக்குள்ள தள்ளி விட்டாத்தான் சூட்டை இழுக்கும். இல்லாட்டி தலை வெந்து, வளையம் கருகாம என்ன செய்யும்?"

ஆகவே எழுதித் தருகிறேன்: கேஸ்கெட் போனதற்குக் காரணம் நீங்கள் அல்ல, நான். மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறேன். விமானத்தைச் சோதிக்கும் அதிகாரி பதினெட்டாம் தேதி வருகிறார். அதற்காக இதை எழுதவில்லை. அவர் வராவிட்டால் போகட்டும், நீங்கள் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் ஸ்பேனர் விழுகிற சத்தம் இல்லாமல், இந்த வீட்டில் குறை சொல்லக்கூட எனக்கு ஆளில்லை. சம்பந்தியம்மாவிடம் மட்டும் செப்பு மட்டமான சரக்கு என்று ஏதாவது சொல்லி வைக்கவும். அந்த ஒரு தலைகுனிவை மட்டும் எனக்குக் கொடுக்கவேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், என்னைவிடக் குறைந்த கோபத்தோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அம்மா, அவருக்கு அன்னைக்கே தெரியும். மூடியைத் திறந்ததும் தகடு இல்லைன்னு பாத்துட்டார். அவங்க அம்மா முன்னாடி உன்னைக் காட்டிக் குடுக்க வேணாம்னுதான் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். நீ காத்தோட்டத்துக்காகக் கழட்டியிருப்பேன்னு நான்தான் சொன்னேன். இப்பக்கூட வீட்டில ஜன்னலைத் திறந்தா சிரிக்கிறார். புது வளையத்துக்காகத்தான் மூணு வாரமா கடை கடையா அலையறார்" என்றாள். அப்படியா சங்கதி! மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். என்ஜினை ஓட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று கையேட்டின் நான்காம் பக்கத்திலேயே இருக்கிறது. சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். அதற்கும், மூன்று வாரம் என்னை வேகவிட்டதற்கும் நீங்கள்தான் மன்னிப்பை மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஞாயிறு பத்து மணிக்கு நேரில் கொண்டுவந்து தரவேண்டும். சம்பந்தியம்மாவையும் அழைத்து வாருங்கள். தகடுகளை ஒவ்வொன்றாக அவர் கண்முன்னாலேயே எடுத்துக் கொடுத்து, கழற்றியவள் நான்தான் என்று சொல்லப்போகிறேன். அப்போது சிரிப்பு வருகிறவர்கள் கொட்டகைக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வரலாம். மூன்று நிமிடம் அனுமதி.