ஆறு சீசன் பார்த்தவர்

உலகத்தில் பட்டுத் தெரிந்துகொள்பவர்கள் ஒரு ரகம், படித்துத் தெரிந்துகொள்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டிலும் சேராமல், கட்டிலில் கால் நீட்டியபடியே சகலத்தையும் கரைத்துக் குடித்துவிட்ட மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அந்த ரகத்துக்காரருக்கு 'சீசன் பார்த்தவர்' என்று பெயர் வைக்கலாம். சமையல் போட்டி இரண்டு சீசன் பார்த்தவர் மனைவியின் ரசத்துக்கு மார்க் போடுவார். பாட்டுப் போட்டி பார்த்தவர் கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரின் தோளைத் தட்டி, "சுருதி கொஞ்சம் விலகுதே" என்பார். உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். தெரியாது என்று சும்மா சொல்லாதீர்கள்.

நம் ரெங்கராஜ் இந்த ரகத்தில் அசல் சரக்கு. மகள் தன்யா குவைத்திலேயே பள்ளிப்படிப்பை முடித்து அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போனாள். மனைவி திருச்சிக்குத் திரும்பினாள். இவர் குவைத்தின் மங்காஃப் பகுதியில் வீரபாண்டி, மகேசன் என்ற இருவர் குடியிருந்த ஃப்ளாட்டில் போய்ச் சேர்ந்தார். மூன்று பேருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தாலும் வளைகுடா வழக்கப்படி அதற்குப் பெயர் பேச்சிலர் ரூம். அந்த ரூமுக்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. புதிதாக வருபவர் முதல் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சமைத்துப் போட்டுத் தேற வேண்டும். முதல் மாதம் பாத்ரூம் கழுவ வேண்டும். ஏசித் தண்ணீர் சொட்டுகிற கட்டிலில்தான் படுக்க வேண்டும். மீன்குழம்புச் சட்டியைத் தேய்க்காமல் டூட்டிக்குப் போனால் அடுத்த வாரம் முழுக்க வெங்காயம் உரிக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் லீவு போட்டுக் கஞ்சி வைக்க வேண்டும். ரெங்கராஜ் எல்லாவற்றிலும் தேறியவர்.

ஒரு வியாழக்கிழமை தன்யா போன் செய்தாள்.

"அப்பா, எனக்கு ஒரு சொராரிட்டில இடம் கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். உங்க கிட்ட கேட்டுட்டுத்தான்னு சொல்லியிருக்கேன்."

சொராரிட்டி என்றால், அக்கா தங்கை என்று உறுதி சொல்லிக்கொண்டு கல்லூரிப் பெண்கள் ஒரே வீட்டில் கூடி வாழ்கிற சங்கம். வேறு அப்பாவாக இருந்தால், "அது என்னம்மா?" என்று கேட்டிருப்பார். போதாத காலம், ரெங்கராஜ் அதைப் பற்றிய ரியாலிட்டி ஷோவை ஆறு சீசன் பார்த்திருந்தார்.

"அந்த வீடா? வேணாம்மா! மூணாவது சீசன்ல ஒருத்தி மூஞ்சில இன்னொருத்தி ஜூஸ ஊத்துவா. நாலாவதுல தூங்கறவ முடிய வெட்டுவாளுங்க. அஞ்சாவதுல பூனை காணாமப் போகும்."

"அப்பா, அது ஷோ! இங்க வீக்லி மீட்டிங்ல பாத்திரம் யாரு கழுவறதுன்னுதான் சண்டையே. போன மாசம் ஃபீவர் வந்தப்ப எனக்கு சூப் கொண்டுவந்து குடுத்தது அந்த வீட்டுப் பொண்ணுங்கதான். ஹாஸ்டல்ல நான் தினமும் தனியாத்தான்பா சாப்பிடறேன்."

ரெங்கராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். தள்ளி வைத்து என்ன செய்ய? ஆறு சீசன் ஆயிற்றே!

"மொதல்ல சூப்பு குடுப்பாங்கம்மா. மொத எபிசோடுல எல்லாரும் அப்படித்தான்."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மகேசன் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவரே வாய் திறந்தார். "அண்ணை, பிள்ளை அங்க இருந்து பார்த்துச் சொல்லுது. நீங்கள் இஞ்ச இருந்து டிவியைப் பார்த்துச் சொல்லுறியள்."

"கேமரா பொய் சொல்லாது மகேசா" என்று ரெங்கராஜ் தீர்ப்பை எழுதிப் பேனாவை மூடினார்.

மறுநாள் சாயங்காலம் அவருக்கு வேறு பெருமை காத்திருந்தது. இரண்டு மாதம் முன்பு ஒரு தமிழ் சேனல்காரர்கள், வளைகுடாவில் நம்மவர் வாழ்வதைக் காட்டுகிறோம் என்று அந்த ஃப்ளாட்டில் மூன்று நாள் கேமரா வைத்திருந்தார்கள். மூன்று நாளும் நடந்தது என்ன? சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். மகேசன் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்தார். அதுதான் இன்றைக்கு ஒளிபரப்பு. ரெங்கராஜ் ஊர் முழுக்கச் சொல்லி, மகளுக்கும் லிங்க் அனுப்பியிருந்தார்.

நிகழ்ச்சி தொடங்கியது. வீரபாண்டி கடைசி அவித்த முட்டையைக் கையில் எடுக்கிறான். இடி இடிக்கிறது. ரெங்கராஜின் முகம் வருகிறது: மூக்கு விடைத்து, கண் சுருங்கி, உதடு துடிக்கிறது. ஐயா, அது தும்மல் வரப்போகிற முகம்! தும்மலை வெட்டிவிட்டார்கள். முகத்தை மட்டும் மூன்று தடவை, மெல்ல மெல்ல, மூன்று இடியோடு காட்டினார்கள். அடுத்து, அவர் வெங்காயம் உரித்தபோது வந்த கண்ணீர், வெங்காயத்தைக் கழித்துவிட்டு, வயலினோடு. பித்தான் தைத்த மகேசன், கையில் ஊசியும் கண்ணில் வஞ்சமுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். 'உடைந்தது முட்டை மட்டுமல்ல' என்றது ஒரு கனத்த குரல். 'வெளியேறப்போவது யார்?'

வீரபாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, அந்த முட்டைய நீங்கதானண்ணே என் தட்டுல வச்சீக?"

"ஆமாடா, நீ டூட்டிக்குப் பசியோட போவியேன்னு..."

போன் அடித்தது. தன்யா.

"அப்பா, ஒடனே அந்த வீட்ட விட்டு வெளிய வாங்க."

"எந்த வீட்ட?"

"வீரபாண்டி அங்கிள் உங்க முட்டையப் பிடுங்கறாரு. நீங்க அழறீங்க. அந்த மகேசன் அங்கிள் ஊசிய வச்சுக்கிட்டு என்ன பண்றாரு?"

"ஏய், அது ஷோம்மா! அது தும்மல்மா! மகேசன் என் சட்டைக்குத்தான்மா பித்தான் தச்சான்!"

"மொதல்ல பித்தான் தைப்பாங்கப்பா. மொத எபிசோடுல எல்லாரும் அப்படித்தான். கேமரா பொய் சொல்லாது."

அந்தப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நான் அந்த வீட்டுலதான் இருக்கேன்பா. எல்லாரும் சேர்ந்துதான் பாத்தோம். முட்டை கடைசில யாருக்குக் கிடைச்சுதுன்னு கேக்கறாங்க."

ரெங்கராஜ் சொன்னார்: "சேந்துக்கம்மா. மொத மாசம் பாத்ரூம் கழுவச் சொன்னா கழுவிடு. சட்டியத் தேய்க்காமப் போகாத. தனியா மட்டும் சாப்பிடாத."

மகளுக்கு வீடு கிடைத்தது. அப்பா திருந்திவிட்டார் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகேசன் ஊசியில் நூல் கோத்தபோது ரெங்கராஜ் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும்; ஒன்றுமில்லாமலா அப்படிக் காட்டியிருப்பார்கள்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு யாராவது மங்காஃபில் வேலை கிடைத்து, பேச்சிலர் ரூமில் தங்கப்போகிறேன் என்று உங்களிடம் வந்து சொல்வார். "அங்க எல்லாம் எப்படின்னு எனக்குத் தெரியும்" என்று தொடங்கத்தானே போகிறீர்கள்? அவரைப் போலவாவது ஆறு சீசன் பார்த்துவிட்டுப் பேசுங்களேன்! நீங்கள் படித்திருப்பது இரண்டே பக்கம்.